அழகான கோலுக்கு ஒரு சாட்சி

விசில் பிடிக்கிறவனுக்கு மைதானத்தில் நண்பன் இல்லை. விசிலோடு சாட்சியும் சொல்லப் போகிறவனுக்கு வீட்டுக்குத் திரும்புகிற வழியிலும் நண்பன் இல்லை.

எனக்குச் சம்பளம் தந்தது நீர்ப்பாசனப் பகுதி. வாய்க்கால் பார்க்கிற ஓவசியர் வேலை. சனி, ஞாயிறில் உதைபந்தாட்டத்துக்கு மத்தியஸ்தம் செய்வேன். அந்த விதிகளை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஒரு பழைய இங்கிலீசுப் புத்தகத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு நானாகவே படித்தேன். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வன்னியில் எங்கே பந்து உருண்டாலும் அங்கே சைக்கிளில் போய் இறங்குவேன். ஒரு பக்கம் ஏசினால் ஏதோ பிழைவிட்டிருக்கிறேன் என்று நினைப்பேன். இரண்டு பக்கமும் ஏசினால் நிம்மதியாகச் சாப்பிடுவேன். இதை வாசிக்கிறவர்களில் விசில் பிடித்தவர்கள் இருந்தால், இதுவரையில் நான் சொன்னது உங்களுக்கும் நடந்திருக்கும். இனிச் சொல்லப்போவது நடந்திருக்காது. உங்கள் ஊரில் அப்படியொரு கோப்பை இருந்திருக்காது.

கோப்பை வந்த விதம்

எங்கள் பக்கத்தில் பெரிய நெல் மில் வைத்திருந்த முதலாளி ஒருவர், வருஷத்தின் மிக அழகான கோலுக்கு ஒரு கோப்பை தருவதாக அறிவித்தார். கோப்பையோடு தன் மில்லில் ஒரு நிரந்தர வேலையும் தருவதாகச் சொன்னார். அவருக்கு உதைபந்தாட்டத்தில் விருப்பம் இருக்கவில்லை. கிராமச் சபைத் தேர்தலில் விருப்பம் இருந்தது.

காலபோக அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஆட்டங்கள் தொடங்கும். அடுத்த மழைக்கு முன்பு, மில்லில் நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளத்தில் கூட்டம் வைத்துக் கோப்பை கொடுப்பார்கள். முடிவு சொல்கிறவர்கள் முதலாளி, ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா, ஊர்த் தலைமைக்காரர் விதானையார் என்று மூன்று பேர். மூவரும் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆகவே ஒவ்வொரு கழகமும் தன் கோலைச் சபையில் நின்று சொல்லிக்காட்ட ஒரு ஆளைக் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அப்படி ஒரு கோல் உண்மையாகவே விழுந்ததா என்பதற்கு மத்தியஸ்தர் சாட்சி. என்னிடம் "நடந்ததோ?" என்று கேட்பார்கள். நான் "நடந்தது" என்றோ "நடக்கவில்லை" என்றோ சொல்லலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. கோல் அடித்தவனே வந்து சொல்லவேண்டாமா என்று முதல் வருஷம் நான் கேட்டேன். முதலாளி சிரித்தார்.

"அடிச்சவன் அடிச்சிட்டான்தானே ஓவசியர். இனிக் கதைக்கத் தெரிஞ்சவன் கதைக்கட்டும்."

முதுகு

அந்த முதல் வருஷம் வவுனியாக் கழகம் ஒரு புரொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தது. கோட்டில் வழக்குப் பேசுகிற மனிதர். ஆட்டம் நடந்த அன்று அவர் கொழும்பில் இருந்தவர். ஆனாலும் பந்து எந்தப் பக்கத்தால் வந்தது, காற்று எந்தப் பக்கத்தால் வீசியது, எதிர்ப்பக்கக் கோல் காப்பாளர் எதை நினைத்து ஏமாந்தார் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த ஆட்டத்தில் விசில் பிடித்த நானே நான் வேறு எங்கோ நின்றுவிட்டேனோ என்று யோசித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். பின்னால் நின்று ஒருவன் ஓங்கி அடித்த பந்து, முன்னால் நின்றவனின் முதுகில் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. கோல் விழுந்தது உண்மை. ஆகவே நான் "நடந்தது" என்றேன். கோப்பையைக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு இறங்கிய பொடியன் வெட்கத்தோடு என்னருகில் வந்து மெல்லச் சொன்னான்.

"பந்து முகத்தில படப்போகுதெண்டுதான் ஐயா நான் திரும்பினனான்."

துணுக்காயில் ஒரு பின்னேரம்

இரண்டு மூன்று வருஷம் இப்படியே போனது. அதற்குப் பிறகுதான் தவராசாவின் கோல் வந்தது. தவராசா தர்மபுரம் பக்கத்துக் குடியேற்றத்துப் பொடியன், வீட்டில் இரண்டாவது மகன். அரசாங்கம் கொடுத்த குடியேற்றக் காணியைத் துண்டு போடக்கூடாது, ஒரு பிள்ளைக்குத்தான் எழுதலாம். அது மூத்தவனுக்கு எழுதியாயிற்று. தவராசாவுக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். காணியில்லாத மாப்பிள்ளைக்கு ஒரு வேலையாவது வரட்டும், பிறகு நாள் பார்க்கலாம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு அந்தக் கோப்பை வேண்டாம். அதோடு வருகிற வேலை வேண்டும். இது மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அன்று துணுக்காயில் முல்லைத்தீவுக் கழகத்தோடு ஆட்டம். மைதானம் என்றால் அறுத்த வயல்தான். வரம்புகளை வெட்டித் தட்டையாக்கியிருந்தார்கள். கோலுக்கு முன்னால் கிடந்த ஒரு வரம்பை மட்டும் காணிக்காரர் தொடவிடவில்லை. இரண்டு பாலைத் தடியும் குறுக்கே ஒரு கயிறும்தான் கோல். வலையில்லை.

வலது பக்கத்திலிருந்து உயர்ந்து வந்த பந்து தவராசாவின் தலைக்கு மேலால் போயிற்று. அவன் அதற்காகத் துள்ளவில்லை. பந்துக்கு முதுகு காட்டி வரம்பை நோக்கி ஓடினான். பந்து வரம்பின் சரிவில் விழுந்து மேலே எழும்பியபோது, அது எழும்பும் இடத்தில் அவன் ஏற்கெனவே நின்றான். ஒரு காலை வரம்பில் ஊன்றி மற்றக் காலின் புறங்காலால் பந்தைத் தட்டினான். அடித்தான் என்று சொல்லமாட்டேன். ஓடிவந்த காப்பாளரின் விரல்களுக்கு மேலால் ஏறி, கயிற்றுக்குக் கீழே இறங்கி, பின்னால் கிடந்த வைக்கோலில் பந்து சத்தமில்லாமல் போய் இருந்தது.

முல்லைத்தீவுக் காப்பாளர் ஹனிபா சைக்கிளில் பிடவை, துணிமணி கொண்டுபோய் விற்கிறவர். வயதிலும் மூத்தவர். விழுந்த இடத்திலிருந்து எழும்பி, இடுப்பில் கட்டிய சாரத்தில் மண் தட்டுவதுபோலக் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு தவராசாவிடம் போனார்.

"தம்பி, இந்த வருஷம் உனக்குத்தான். ஒருத்தரும் சொல்லாட்டி நான் வந்து சொல்லுறன்."

தேன் போத்தல்

கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு தவராசாவின் தகப்பனார் ஒரு போத்தல் காட்டுத் தேனோடு என் வீட்டுக்கு வந்தார். குடியேற்றத்தில் சபையேறிப் பேச ஆளில்லை. நான் "நடந்தது" என்பதோடு இன்னும் ஒரேயொரு சொல் சேர்த்துச் சொன்னால் போதும், "வடிவாய் நடந்தது" என்று சொன்னால் போதும் என்றார். அது ஏற்பாட்டில் இல்லை என்று விளக்கினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கதிரையின் நுனியில் இருந்தார்.

அப்போது என் மனைவி உயிரோடிருந்தாள். குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், தேநீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் பின்பு அந்தப் போத்தலோடு ஒரு பண்டிதரிடம் போனதாகவும், பண்டிதர் தேனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, தான் வேறொரு கழகத்துக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்டதாகச் சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். அவரை அங்கே அனுப்பியது அன்று என் மனைவி சொன்ன வார்த்தைதான். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இவர் வீட்டிலயே வாய் திறவாத மனுசன், அண்ணை. தேனைக் கொண்டுபோய்க் கதைக்கிற ஆருக்கும் குடுங்கோ."

வரம்பு

கூட்டத்தில் தர்மபுரத்தாருக்குப் பேச ஆள் கிடைக்கவில்லை. தவராசாவே எழும்பினான். புதுச் சேட்டு, யாருடையதோ, தோள் பெரிதாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றினான். பிறகு, பந்து வரம்பில் பட்டது, தான் தட்டினேன், போய்விட்டது என்றான். வேறு ஏதும் உண்டா என்று விதானையார் கேட்டார். இல்லை என்று தலையாட்டினான். உண்மையிலேயே அவனுக்கு அதில் வேறு ஏதும் இருக்கவில்லை.

அப்போதிக்கரி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப கோப்பையை வரம்புக்கெல்லோ குடுக்கவேணும்?"

எதிர்ப்பக்கத்து ஆள்

சிரிப்பு அடங்குவதற்கு முன்பு ஹனிபா எழும்பினார். முல்லைத்தீவிலிருந்து அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். வியாபாரம் ஒரு நாள் போயிற்று. அவருடைய கழகத்தாரே அவரைப் போகவேண்டாம் என்று மறித்ததாகப் பிறகு அறிந்தேன். அந்தக் கோலை எல்லாரையும்விடக் கிட்ட நின்று பார்த்தவன் தான் என்றும், தன்னைச் சொல்லவிடுங்கள் என்றும் பணிவாகக் கேட்டார். சபை குசுகுசுத்தது. எதிர்ப்பக்கத்தவன் வந்து கோலைப் புகழ்வது யாரும் கேள்விப்படாத விஷயம். இதில் ஏதாவது சூது இருக்கும் என்று விதானையார் சொன்னார். ஹனிபா நின்றபடியே நின்றார். கடைசியில் முதலாளி கையைக் காட்டி அவரை இருத்தினார்.

பிறகு என்னைப் பார்த்து "நடந்ததோ?" என்றார். நான் "நடந்தது, அதோடு..." என்று தொடங்கினேன். அவர் அடுத்த கழகத்தைக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிடும்போதே பக்கத்தில் இருந்தவருக்கு ஹனிபாவைப் பற்றி விளக்கம் சொன்னார். எனக்கும் ஹனிபாவுக்கும் கேட்கட்டும் என்று உரக்கத்தான் சொன்னார்.

"தோத்த கீப்பர் கோலைப் புகழாமல் என்ன செய்வார்? இல்லாட்டித் தன்ரை பிழையெண்டெல்லோ ஆகும்."

பண்டிதர்

கடைசியாகப் பேசியவர், தேன் வாங்கிய அதே பண்டிதர். மில்லை அண்டிய கழகத்துக்காகப் பேசினார். அவர்களுடைய ஆள் சிவபாலன், அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர். பெனால்டியில் அடித்த கோல் அது. பெனால்டி என்ற சொல் பண்டிதர் வாயிலிருந்து வரவேயில்லை. பந்து முழுமதியாயிற்று. கயிறு கீழ்வானமாயிற்று. காப்பாளர் அதைக் கண்டு கைகூப்பி நின்றதாகச் சொன்னார். அந்தக் காப்பாளர் மற்றப் பக்கத்துக்குப் பாய்ந்து முழங்கையை உடைத்துக்கொண்டவர். கோல் விழுந்த நேரத்தில் பண்டிதர் கோயில் திருவிழாவில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

"நடந்ததோ?" என்று என்னைக் கேட்டார்கள். கோல் நடந்ததுதானே. "நடந்தது" என்றேன். கோப்பை சிவபாலனுக்குப் போயிற்று. மில் வேலை தனக்கு வேண்டாம், அரசாங்க உத்தியோகம் இருக்கிறது என்று அவன் அங்கேயே சொன்னான். பெருந்தன்மை என்று சபை கைதட்டியது. அந்த வேலை, மில் இஞ்சின் பார்க்கிற வேலை, கொஞ்ச நாளில் பண்டிதரின் மருமகனுக்குப் போயிற்று. சபையில் கைதட்டியவர்களில் ஒருவரையாவது கேட்டுப் பார்ப்போம் என்று விதானையாரிடம் போனேன். அடுத்ததாக நின்ற ஆளுக்கல்லவா அந்த வேலை போகவேண்டும் என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார்.

"அடுத்ததாய் நிண்டது ஆர்? அந்த வரம்புப் பொடியனோ?"

மில் வாசலில்

பெண் வீட்டார் அடுத்த தை மாதம் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். தவராசா பந்து விளையாடுவதை நிறுத்தினான். ஹனிபா கொஞ்சக் காலம் விளையாடினார். என்னைக் காணும்போது சைக்கிளை நிறுத்தி, அந்தக் கோலைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்காமல், சீத்தைத் துணி என்ன விலை போகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு நாள் வாய்க்கால் அலுவலாக மில் பக்கம் போனேன். வாசலில் லொறிக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தவராசா அதில் ஒருவன். நாட்கூலி. உமி ஒட்டிய முதுகை எனக்குக் காட்டியபடி மூட்டையை ஏற்றிவிட்டுத் திரும்பியவன் என்னைக் கண்டு சிரித்தான். வன்னியில் அப்படி ஒரு கோலை நான் முன்னும் பின்னும் கண்டதில்லை என்று சொன்னேன். சபையில் சொல்லவிடாததை அவனுக்காவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தான். கோபமாகச் சொல்லவில்லை. நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான்.

"நீங்கள் அண்டைக்கு ஓஃப்சைட், கோல் இல்லை எண்டு ஊதியிருந்தா, ஐயா, நான் அப்பவே கூலிக்கு வந்திருப்பன். அவளும் காத்திருந்திருக்கமாட்டாள்."

விசில் பிடிக்கிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அழகான கோல் ஒன்றைக் கண்டால் ஊதிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போங்கள், அது அழகு என்று அடித்தவனுக்கு மட்டும் தெரியவிடாதீர்கள்.