ஊசியின் மறுபாதி

முதலில் இடது கன்னம். தைத்து முடித்த குட்டிப் போர்வையை மூலை மூலையாகத் தூக்கிக் கன்னத்தில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுப்பாள். பிறகு உதட்டில் ஒற்றிப் பார்ப்பாள். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சுவது மாதிரி இருக்கும். கொஞ்சலும் இல்லை, கிஞ்சலும் இல்லை. எங்கேயாவது குத்துகிறதா என்று பார்க்கிறாள். "கைத்தோலு காச்சுப் போச்சு, அதுக்கு ஒண்ணும் ஒறைக்காது. கன்னத்த ஏமாத்த முடியாது" என்பாள்.

தெருவில் அவளுக்குப் பெயர் காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை நாடாவில் கட்டி, தையல் மெஷினைச் சுற்றித் தரையோடு இழுத்துக்கொண்டே நடப்பாள், நாய்க்குட்டியை உலாத்தக் கூட்டிப் போவது போல. குண்டூசி, துருப்பிடித்த ஆணி, வீட்டுக்காரரின் தொலைந்துபோன பேன்ட் கொக்கி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். கீழே கிடப்பதைத்தான் காந்தம் எடுக்கும். தையலுக்குள் சிக்கியது அதற்கு வராது, கன்னத்துக்குத்தான் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்கென்று ஒரு வார்டு இருக்கிறது. உள்ளங்கை அகலத் தொப்பி, கட்டை விரல் நுழையும் காலுறை, துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்ட போர்வை என்று அந்த வார்டுக்குத் தைத்துக் கொடுக்கிறாள். காசு கிடையாது. பக்கத்து வீட்டு டீச்சர் பள்ளிக்கூடம் போகிற வழியில் பையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

பயந்தவள் என்றால் இப்படி ஒரு பயந்தவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பி, பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனை எடுக்கவில்லையென்றால், அடுத்த மணிக்குள் அந்தப் பெண்ணை மனசுக்குள் மூன்று விபத்தில் மாட்டிவிட்டிருப்பாள். வீட்டுக்காரர் பெயின்டர், நிதானமான மனுஷன். "மத்தவங்க பயம் வந்தா கதவச் சாத்துவாங்க. இவ உள்ள கூப்பிட்டு, உக்கார வெச்சு, டீ போட்டுக் குடுப்பா" என்பார். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இந்தத் தையலே. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, இப்போது இருக்கிற பயத்திலெல்லாம் பெரிய பயம் ஊசிதான்.

அதற்கும் காரணம் உண்டு. பல வருஷம் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் மெஷினில் உட்கார்ந்தவள். அங்கே ஊசி உடைந்தால் வேலை நிற்கும். துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டு நாடாவில் முழு ஊசியாகப் பொருத்திக் காட்டினால்தான் சூப்பர்வைசர் புது ஊசியைக் கண்ணில் காட்டுவார். துளி குறைந்தாலும் அந்த மேசையில் இருக்கிற துணி ஒன்றும் வெளியே போகாது. வேலையை விட்டாலும் அந்தச் சட்டத்தை அவள் விடவில்லை. வீட்டிலும் மறுபாதி கிடைக்காமல் அடுத்த தையல் போட மாட்டாள்.

ஒரே ஒரு நாள் போட்டாள்.

காலையிலிருந்து மழை. நீலக் கரை வைத்த போர்வையில் கடைசி மூலை பாக்கி. நாலு மடிப்புத் துணி சேருகிற தடித்த இடம். 'டக்' என்று ஊசி உடைந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே டீச்சரின் ஸ்கூட்டர் ஹாரன். "அக்கா, நேரமாச்சு, குடுங்க." மேல்பாதியைக் கழற்றி ஒட்டு நாடாவில் ஒட்டினாள். கீழ்பாதி இங்கேதானே விழுந்திருக்கும், அப்புறம் எடுத்துக்கலாம் என்று புது ஊசி மாட்டி மூலையை முடித்து, கன்னத்தில் வைக்காமலே பையில் திணித்து நீட்டினாள். ஸ்கூட்டர் போய்விட்டது.

காந்தத்தை இழுத்தாள். மெஷினுக்கு அடியில், பலகை இடுக்கில், தன் செருப்பில், துணிக்கூடையைக் கவிழ்த்துக் கொட்டி. கீழ்பாதி இல்லை.

டீச்சரை போனில் பிடிப்பதற்குள் அவள் பையைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருந்தாள். "பதறாதீங்கக்கா. எப்பிடியும் தொவைச்சுத்தான போடுவாங்க."

"தொவைச்சா ஊசி கரைஞ்சிருமா டீச்சர்?"

பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு கையில் காந்தமும் ஊசியின் மேல்பாதியும் இருந்த கைப்பை. குத்தினால் பெரியவர்கள் 'ஆ' என்று சொல்லி எடுத்துப் போடுவார்கள். பிஞ்சுக் குழந்தை அழத்தான் செய்யும். பசிக்கு அழுகிறது என்று இன்னும் இறுக்கிப் போர்த்துவார்கள். அந்தப் பயத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்து நின்றது. ஊசி என்று வாயைத் திறந்தால் அந்த வார்டில் இனி அவள் கைத்துணி ஒன்றைக்கூட வாங்க மாட்டார்கள். அந்த வேலையும் போய்விட்டால் இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாயம் போகிறது, திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. இறங்கும்வரை அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வார்டு வாசலில் நர்ஸ் பையைப் பிரித்துக் காட்டினாள். நீலக் கரை மட்டும் இல்லை. "அதுவா? வழக்கமா தொவைச்சுத்தான் குடுப்போம். ஒரு பாப்பா இன்னிக்கு வீட்டுக்குப் போகுது, மழை வேற, போத்த ஒண்ணும் கொண்டு வரல. புதுசுதானேன்னு குடுத்துட்டேன். இப்பத்தான் கீழ போனாங்க. ஏன்?"

அவள் படியில் இறங்கி ஓடினாள். நர்ஸுக்கு என்னவோ போலிருக்க, அவளும் பின்னால் வந்தாள்.

வாசல் கூரைக்கு அடியில் வண்டிக்காகக் காத்துக்கொண்டு அந்தத் தாய் நின்றிருந்தாள். சின்னப் பெண். நீலக் கரைக்குள்ளிருந்து ஒரு எலுமிச்சம்பழ அளவு முகம் தெரிந்தது.

"அம்மாடி, அந்தப் போர்வையில சாயம் போகுது. குடுத்துரு, வேற தர்றேன்."

"பரவால்லக்கா. கதகதன்னு இருக்கு போல, நல்லா தூங்குறா" என்று சிரித்த அந்தப் பெண், தொங்கிக்கொண்டிருந்த ஒரு மூலையை எடுத்துக் குழந்தையின் தாடைக்குக் கீழே இறுக்கிச் செருகினாள்.

தடித்த மூலை அது.

"செருகாத! அதுல ஊசி இருக்கு."

சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. தாயின் முகம் வெளுத்துப்போனது. நர்ஸ் தாவி வந்து குழந்தையை வாங்கி, போர்வையை உருவி, தன் தோள் துண்டில் சுற்றிக்கொண்டு கழுத்து, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். கீறல் ஒன்றும் இல்லை. தூக்கம் கெட்ட கோபத்தில் குழந்தை வீறிட்டது.

காந்தம் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்த வட்டக் காந்தத்தை எடுத்துத் துணிமேல் ஓட்டினாள். ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம்கூட இல்லாமல் கண்ணை மூடி இடது கன்னத்தில் வைத்தாள். ஒரு மூலை. இன்னொரு மூலை. தடித்த மூலை வந்ததும் முகம் சுளித்து நின்றது.

பல்லால் தையலைப் பிரித்தாள். அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக, மினுக்கென்று அது வந்தது. கைப்பையிலிருந்த ஒட்டு நாடாவில் மேல்பாதியோடு சேர்த்து வைத்தாள். பொருந்தியது. அப்போதுதான் அவளுக்கு மூச்சே திரும்பி வந்தது, கண்ணீரும் கூடவே வந்தது.

"இனிமே வெளியில தைச்சது எதையும்..." என்று நர்ஸ் ஆரம்பித்தாள்.

தாய் குழந்தையைத் திரும்ப வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். மழையைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி பூரா பாத்துட்டு, அதையே குடுங்கக்கா" என்றாள்.

காந்தம் போர்வையைத் தூக்கினாள். இடது கன்னத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. துணியில் பட்டுவிடுமே என்று முகத்தைத் திருப்பி, வலது கன்னத்தில் வைத்தாள்.