எண் இறங்கினால் விலை ஏறும்

இப்போது கடையில் விலை கேட்டால் கிலோ இத்தனை ரூபாய் என்கிறார்கள். எண் பெரிதாகப் பெரிதாக வயிறு எரிகிறது. எங்கள் காலத்தில் திருச்செங்கோட்டுச் சந்தையில் கேட்கிற கேள்வியே வேறு. "ரூவாய்க்கு எத்தனை படி?" என்போம். பன்னிரண்டு என்றால் தானியம் மலிவு, நாலு என்றால் கிராக்கி. அந்த எண் சிறிதாகச் சிறிதாகத்தான் எங்களுக்கு வயிறு எரியும். எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு. என் வீட்டுக்காரருக்கு மட்டும் வெகுநாள் பிடிபடவில்லை.

அவர் மேல் குற்றமில்லை. அவர் ஒரு தோட்டத்தில் வருஷத்து ஆள்காரர். கூலி கம்பாகத்தான் வரும், மாதம் எட்டு வள்ளம். எங்கள் பக்கத்தில் வள்ளம் என்றால் நாலு படி. மூட்டையைச் சுமந்து வந்து வீட்டில் இறக்கியதோடு அவர் வேலை முடிந்தது. அதில் கொஞ்சத்தை நான் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று உப்பு, மிளகாய், சீமெண்ணெய் வாங்கி வருவேன். விற்கிறவளுக்குத் தெரியாத விலையா? போன வாரம் என்ன, போன வருஷம் இதே நாளில் என்ன என்று யார் கேட்டாலும் சட்டென்று சொல்வேன். எழுதி வைத்ததில்லை. எழுத்து எனக்கு வந்ததே பிற்பாடுதான்.

எனக்குக் கல்யாணமான புதிதில் தானியத்தைக் கேட்பாரில்லை. ரூபாய்க்குப் பன்னிரண்டு படி என்று கூவினாலும் வாங்க ஆள் வராது, எல்லார் கையும் வறண்டிருந்தது. அப்போது ஒரு முறை என் வீட்டுக்காரர் தோட்டத்துக்காரரிடம் போய், கூலியில் பாதியையாவது காசாகக் கொடுங்கள் என்று கேட்டார்.

"காசுக்கு நா எங்கடா போறது? வேணும்னா கம்பு ஒரு வள்ளம் சேத்தி வாங்கிக்க" என்று சிரித்துவிட்டாராம் அவர்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. மில்லுக்குப் போகிறவன், சூரமங்கலம் ரயிலடியில் மூட்டை தூக்குகிறவன் எல்லாம் காசை எண்ணி மடியில் முடிந்துகொண்டு வருகிறான், நான் மட்டும் மாட்டைப் போலத் தீனி வாங்கி வருகிறேன் என்றார். அந்தப் பேச்சு என்னைச் சுட்டது.

பிறகு யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றது. அரிசிச் சோறே தின்று பழகிய டவுன்காரர்கள் கம்புக்கும் ராகிக்கும் இறங்கி வந்தார்கள். வியாபாரிகள் வண்டி கட்டிக்கொண்டு களத்துக்கே வந்து நின்றார்கள். சந்தையில் பத்துப் படி ஒன்பதானது, ஒன்பது எட்டானது. ஏழு என்று கேட்ட அன்று, விலை இன்னும் ஏறும் என்று கொண்டுபோன கம்பில் பாதியை விற்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்தச் சித்திரையில், வரும் வருஷத்துக் கூலியை முடிவு செய்கிற வருஷப் பேச்சுக்குப் போன என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

"இனிமேட்டு காசுதான் புள்ள. மாசம் அஞ்சு ரூவா. அவரே கூப்புட்டுச் சொன்னாரு. நாளைக்கு வந்து வெத்தலை பாக்கு மாத்திக்கச் சொல்லியிருக்காரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? கம்பு எறங்கிட்டே போகுது. பத்துல இருந்துச்சு, இப்ப ஏழு. நல்ல நேரத்துலதான் கம்பு நம்ம கையை உட்டுப் போகுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "ஏனுங்க, எறங்குறது படிங்க, வெலை இல்லீங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். இன்றைய விலையில் அஞ்சு ரூபாய்க்கு முப்பத்தைந்து படி, எட்டு வள்ளத்துக்கு வரும் முப்பத்திரண்டு படியைவிட மூன்று படி கூடத்தான். ஆனால் ஏழு ஏழாகவே நிற்குமா? நாலுக்கு வந்தால் அதே அஞ்சு ரூபாய்க்கு இருபது படிதான். எங்கள் இரண்டு பேர் வயிறும் இரண்டு பெண்பிள்ளைகள் வயிறும் இருபது படியில் அடங்குமா? விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன்.

"நா காசு பாக்கறது உனக்குப் புடிக்கல" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நானும் கூடவே போனேன். பெண்பிள்ளை வருஷப் பேச்சுக்குப் போகிற வழக்கம் கிடையாது. வழக்கத்தைப் பார்த்தால் என் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டும். தோட்டத்துக்காரர் களத்தோரம் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, அதன் மேல் அஞ்சு ரூபாய். என் வீட்டுக்காரர் கண் அந்தக் காசை விட்டு நகரவில்லை.

"ஏனுங்க சாமி, காசாவே குடுங்க, எங்க ஊட்டுக்காரருக்கும் அதுதான் ஆசை" என்று நான் ஆரம்பித்தேன். "ஆனா அஞ்சு ரூவான்னு இப்பவே முடிக்க வேண்டாமுங்க. அந்தந்த மாசம் சந்தையில எட்டு வள்ளம் கம்பு என்ன வெலைக்கு விக்குதோ, அந்தக் காசைக் குடுங்க. வெலை கொறைஞ்சா கொறைச்சே குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதெப்புடி? அப்பறம் நா எதுக்குக் காசு குடுக்கோணும்? அதுக்குக் கம்பாவே வாங்கிட்டுப் போங்க."

என் வீட்டுக்காரர் தோட்டத்துக்காரர் முகத்தையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விரல் மடக்கிச் சொன்னபோது மண்டையில் ஏறாதது அப்போது ஏறியது. என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப்போயிற்று.

"கம்பே போடுங்க சாமி" என்றார்.

மழைக்காலம் வருவதற்குள் எண் நாலுக்கு வந்துவிட்டது. காசுக்கு ஒப்புக்கொண்ட வேறு தோட்டத்து ஆள்காரர்கள் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு சந்தையில் விழித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டில் ஒரு வேளைகூட அடுப்பு அணையவில்லை. நான் செய்தது சரி, இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அவர் ஆசையில் மண்ணைப் போட்டவள் நான்தானே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒரு சந்தை நாளில் நான் கூடையை எடுத்தபோது, தானும் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். கம்பை அவரே அளந்தார். ஒரே ஒரு வள்ளம். வியாபாரி ஒரு முழு ரூபாயை எடுத்துக் கொடுத்தான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"இது என்னோட கூலி, புள்ள" என்றார்.

உப்புக்கும் மிளகாய்க்கும் அந்த ரூபாயைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அன்று வெறும் கூடையோடுதான் வீடு திரும்பினோம்.