ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

ஆள்காட்டி விரல், மோதிர விரல், சுண்டு விரல், நடுவிரல். பலவேசத்தின் வலது கட்டைவிரல் இந்த வரிசையில்தான் மற்ற நான்கையும் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருக்கும். இடது கையில் டீ கிளாஸ். கண் பாதி மூடியிருக்கும். எதிரே நின்று யாராவது பேசினால் "ம்" என்பார். அந்த "ம்" நமக்கா, சாலையில் போகிற லாரிக்கா என்று கண்டுபிடிக்க முடியாது.

நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில்தான் எரியும். முப்பது வருட மெக்கானிக் வேலையில் அந்த வரிசை அவர் விரலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வீரபாண்டித் திருவிழாவில் கொட்டு முழங்கும்போதும் தட்டுவார். பேத்திக்குக் காது குத்தும்போது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தட்டினாராம். "ஒரு நொடிக்கு இருபது தடவைக்கு மேல எரியுமே, எந்த விரலால எண்ணுவீங்க?" என்று ஒருநாள் மடக்கிப் பார்த்தேன். "எண்ணுறதுக்கா தட்டுறேன்? அதோட சேந்து நடந்து போறேன்" என்றார்.

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற சாலையில், தென்னந்தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவர் பட்டறை. மற்ற பட்டறைகளில் வண்டி நுழைந்ததும் பானெட்டைத் திறப்பார்கள். இவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்ணை மூடுவார். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். "அவுக தூங்கினாலும் காது தூங்காது. சும்மா இருங்க" என்று மனைவி ராஜமணி சமாதானம் சொல்வார்.

போன ஆடியில் ஒரு சாரல் காலை. என் ஸ்கூட்டருக்காக அங்கே காத்திருந்தேன். யுவராணி தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சுருளிப்பட்டிக்காரி, பக்கத்துத் தோட்டங்களின் பன்னீர் திராட்சையைக் குமுளிக்கு ஏற்றிப்போவது அவள் தொழில். வண்டியும் அவளுடையது, ஓட்டுவதும் அவளே.

"அங்கன ஓடுது, இங்கன ஓடுது. மலையில நாலு வளைவு ஏறுனா இருமி இருமி நின்னுருதுண்ணே. ஒரு டீ குடிச்சிட்டு வந்தா ஒண்ணும் நடக்காத மாதிரி கெளம்புது. நீங்க மக வீட்டுக்குப் போயிருந்தீக. வேற ரெண்டு மெக்கானிக் பாத்தாச்சு. பில்டர் மாத்தியாச்சு, பம்பு மாத்தியாச்சு. குச்சனூரு கோயிலுக்குப் போயி எள்ளு விளக்கும் போட்டாச்சு. இன்னிக்கும் ஏறலைன்னா சாயங்காலம் வித்துருவேன். வாங்குறதுக்கு ஆளு வாராக. அப்புறம் ஏலக்காத் தோட்டத்துக்குக் கூலிக்குத்தான் போகணும்."

பலவேசம் "ம்" என்றார். ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தி, சத்தம் குறைகிறதா என்று கேட்டு, மறுபடி முடுக்கினார். நாலும் ஒழுங்காக வேலை செய்தன. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடு, போவோம்" என்று முன்சீட்டில் ஏறினார். வேடிக்கை பார்க்கிற ஆசையில் நானும் பின்னால் திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவே ஏறிக்கொண்டேன். பின்கண்ணாடி எப்போதோ உடைந்துபோனதால் அவர்கள் பேசுவதெல்லாம் கேட்டது.

மலையடியில் இருக்கிற லோயர் கேம்ப் வந்தபோது, மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. தண்ணீர் வானத்திலிருந்தே நேராக வருகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு நம்பியிருப்பேன். ஈரக்காற்றும் திராட்சை வாசமும் சேர்ந்து எனக்கே கண்ணைச் சொருகியது. பலவேசத்தின் தலை கதவில் சாய்ந்து கிடந்தது.

"அண்ணே, தூங்கிட்டீகளா?" என்று யுவராணி பயத்தோடு கேட்டாள். அவர் மடிமேல் கட்டைவிரல் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

நாலாவது வளைவில் அது மோதிர விரலில் நின்றது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நொடி வண்டி இருமியது.

"ஓரங்கட்டு. அணைக்காத."

இறங்கியவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. நேராக டீசல் டாங்கிக்குப் போய் மூடியைத் திருகினார். "ஸ்ஸ்ஸ்" என்று டாங்கி நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. கொஞ்ச நேரத்தில் இன்ஜினின் இருமல் நின்று சத்தம் சமமாகியது.

"மூச்சு முட்டிக் கெடந்திருக்கு, ஆத்தா. டீசல் எறங்க எறங்க உள்ள காத்துப் போகணும்ல? போகலைன்னா எப்புடி டீசல விடும்? நீ டீ குடிக்கிற நேரத்துல கசிஞ்சு கசிஞ்சு கொஞ்சம் போயிரும். மறுபடி கெளம்பும்."

மூடியைத் திருப்பிப் பார்த்தார். காற்றுப் போகிற சின்ன ஓட்டையின் மேல், சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற பசை போட்டு அழகாக ஒட்டியிருந்தது.

"யாரு பாத்த வேல இது?"

"நாந்தேன். போன மாசம் சாரல் தொடங்கையில டாங்கியில தண்ணி எறங்கிருச்சுன்னு கழுவி விட்டீகள்ல? இனிமே ஒரு சொட்டு உள்ள போகக்கூடாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீக."

பலவேசத்தின் கண் அப்போதுதான் முழுசாகத் திறந்தது. எதையாவது சொல்லி மழுப்புவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் மழுப்பியிருப்பேன்.

"தண்ணி ஆகாதுன்னு சொன்னேன். காத்து வேணும்னு சொல்லாம விட்டுட்டேன். தப்பு எம்மேலதாம்மா. சும்மா இருந்த பம்ப மாத்த வச்சிட்டேனே."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சாரலில் முகமெல்லாம் நனைந்திருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். அவர் ஒட்டியிருந்த டியூபைப் பிய்த்து, ஓட்டையில் இருந்த பசையை ஊக்கால் குத்தி எடுத்து, ஊதிப் பார்த்தார். "ஓட்டை கீழ பாக்க மூடிக்க. தண்ணி ஏறாது."

"உச்சி வரைக்கும் கூட வாங்கண்ணே. பயமா இருக்கு."

"நான் வரல. இங்கன இருந்து கேக்கேன். நிக்காம போ. மேல போயி போன் போடு."

நானும் இறங்கிக்கொண்டேன். வண்டி மேகத்துக்குள் ஏறியது. அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடினார். குமுளியிலிருந்து இறங்கிய பஸ் எங்களைப் பார்த்து நின்றது. நான் ஏறப் போனேன். அவர் கண்ணைத் திறக்காமலே பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையை வீசினார். கண்டக்டர் ஏதோ முணுமுணுத்துவிட்டு விசில் அடித்தார். பஸ்ஸின் சத்தம் அடங்கிய பிறகு பிக்கப் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. வழியில் நின்றிருக்குமோ என்று வளைவு வரை நடந்துபோய் எட்டிப் பார்த்தேன். இன்னொரு பஸ்ஸும் போனது.

செல்போன் அடித்தது. "ஏறிருச்சுண்ணே! குமுளிக்கு வந்துட்டேன்! ஒரு எடத்துல கூட நிக்கல!" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது.

"சத்தம் போடாத, ஆத்தா. வண்டி ஓடிக்கிட்டு இருக்கா? அந்தப் போன பானெட்டு மேல வையி" என்றார் பலவேசம். இடது கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது. பிறகு மோதிர விரலை.