பலாக்காயும் காதுக் குறும்பியும்

பலாவைத் தட்டிப் பார்த்து வாங்குவதுதான் என் பிழைப்பு. முற்றாத காய் ‘டங் டங்’ என்று விறைப்பாகச் சொல்லும். முற்றியது ‘தொம் தொம்’ என்று அமுங்கிப் பேசும். பேளுக்குறிச்சியிலிருந்து வேனை எடுத்துக்கொண்டு கொல்லிமலை ஏறுவேன். மரத்தடியிலேயே தட்டி, இறக்கி, ஏற்றி வருவேன். ‘பாய் தட்டிட்டாருன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று மலையில் சொல்வார்கள். எனக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பேச்சு.

இந்தப் பருவம் தொடங்கியபோது, கொண்டை ஊசி வளைவில் ஏறுகையில் இரண்டு காதும் அடைத்தன. மலை ஏறினால் யாருக்கும் அடைக்கும், எச்சில் விழுங்கினால் பட்டென்று விடும். விடவில்லை. இறங்கினால் சரியாகிவிடும் என்று இறங்கினேன். ஆகவில்லை. மறுநாள் திரும்ப ஏறினேன். கொட்டாவி விட்டேன், மூக்கைப் பிடித்து ஊதினேன், ஒற்றைக்காலில் குதித்தேன். குளித்ததும் பட்ஸ் போட்டுக் குடைகிற சுத்தக்காரன் நான். அந்த வாரம் நாளுக்கு நாலு தடவை குடைந்தேன். அடைப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

“செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரியல்ல இருக்குது, எத்தனை வாட்டி கூப்புடறது?” என்றாள் மனைவி.

“வாயைத் திறந்து பேசு! முணுமுணுத்தா எவனுக்குக் கேக்கும்?” என்று பாய்ந்தேன். எல்லாரும் திடீரென்று முணுமுணுக்கிறார்களே என்று அவர்கள்மேல்தான் கோபம் வந்தது. அடைப்புக்கான பழியை மலைமேல் போட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் மலைமேல் பெரக்கரை நாடு என்கிற ஊர்ப்பக்கம், பல வருடமாக எனக்கே காய் கொடுக்கும் அக்காவின் மரத்துக்குப் போனேன். தட்டத் தட்ட எல்லாம் ‘தொம் தொம்’. கூட வந்த ஆளை மரம் ஏறச் சொன்னேன். அக்கா பின்னால் நின்று ஏதோ சொன்னார். என்னவென்று இரண்டு முறை கேட்டேன்.

“இன்னும் பத்து நாள் போகோணும் பாய்னு சொன்னனுங்க!”

“எனக்கே சொல்லித் தர்றீங்களா? இருவது வருசமாத் தட்டறனுங்க!”

அவர் நகர்ந்துகொண்டார். ஒரு காய் விடாமல் இறக்கினேன்.

ஐந்து நாள் ஆகியும் ஒன்றுகூடப் பழுக்கவில்லை. ஒன்றைப் பிளந்தேன். பால் வடிய, சுளையே பிடிக்காமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடப்பாவி! மிச்சத்தைத் தட்டினேன், ‘தொம்’. வேன் கதவைத் தட்டினேன், ‘தொம்’. வீட்டுச் சுவரும் ‘தொம்’. அப்போதுதான் உறைத்தது. காய் முற்றவில்லை, என் காதுதான் அமுங்கிக் கிடக்கிறது. காது போய்விட்டால் நான் எதற்கு ஆவேன்? நின்ற காலோடு ராசிபுரம் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்தார். “என்னத்தப் போட்டுக் குடையறீங்க?”

“பட்ஸுங்க. சுத்தமா வச்சுக்கலாம்னு...”

“நல்லா இடிச்சு உள்ள தள்ளி வச்சிருக்கீங்க. குறும்பி அழுக்கு இல்லீங்க, காதுக்குக் காவல். தூசியைப் பிடிச்சுக்கிட்டு தானா வெளிய வந்துரும். தொழுகைக்கு முன்னாடி ஈர விரலால காதைத் துடைப்பீங்கல்ல? அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.”

“பூண்டு காய்ச்சி எண்ணெய் ஊத்தட்டுங்களா?”

“ஊத்தாதீங்க! சவ்வுல ஓட்டை இருந்தா வம்பாப் போயிரும். வலி, சீழ் இருந்தாலும் நீங்களா எதையும் விடக் கூடாது. நான் பார்த்துட்டேன், உங்க சவ்வு நல்லா இருக்குது. சொட்டு மருந்து தர்றேன். அஞ்சு நாள் ஊறட்டும், அப்புறம் எடுத்துரலாம்.”

அந்த ஐந்து நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மருந்து விட்டுப் படுத்தால் காதுக்குள் கொறகொறவென்றது. எழுந்து நடந்தேன், சட்டி பானையைத் தட்டிப் பார்த்தேன். மனைவி கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். ஆறாம் நாள் டாக்டரம்மா வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார். கரிய உருண்டைகள் கிண்ணத்தில் விழுந்தன. மின்விசிறி இரைந்தது, என் சட்டை உரசுவதுகூடக் கேட்டது. அழுதே விட்டேன்.

அதே கையோடு மலை ஏறினேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுங்க’ என்றேன்.

“அட விடுங்க பாய், காது அடைச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று சிரித்தார். காபி வைக்க உள்ளே போனார். அடுப்படி வாசலிலிருந்து முப்பதடி தள்ளி நான். உள்ளே மகளிடம் கிசுகிசுத்தார்:

“கீழ்க்காட்டுப் பலா மரத்தப் பத்தி பாய்கிட்ட வாயத் தொறக்காத கண்ணு. அதுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்.”

ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

டம்ளரைக் கையில் கொடுத்து, “இப்ப நல்லாக் கேக்குதுங்களா?” என்றார்.

“இன்னும் கொஞ்சம் அடைப்பாத்தானுங்க இருக்குது” என்றேன்.