புருல் வீட்டில் விட்ட பிள்ளைகள்

பிஷ்கெக் நகரத்தின் ஓரத்தில், டோர்டோய் சந்தைக்குப் பின்னால் மண் தெருக்களாகப் பரந்து கிடக்கிறது எங்கள் குடியிருப்பு. இங்கே புருலைத் தெரியாத தாய் இல்லை. ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, எப்போதும் ஈரமாக இருக்கும் கைகள். மலைப்பக்கத்தில் நாரின் ஊரில் அரசுக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் வேலை பார்த்தவள். அது மூடப்பட்டதும் கணவனோடு இங்கே வந்து இரண்டு அறை வீடு கட்டினாள். கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். முதல் வருடம் போன் செய்துகொண்டிருந்தான், அப்புறம் அதுவும் நின்றது.

பிள்ளை பார்க்கும் வேலையை அவள் தேடிப் போகவில்லை. சந்தையில் காலுறை விற்கும் பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் தன் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டாள். அடுத்து அவளுடைய தங்கை பிள்ளைகள் வந்தார்கள். அந்த நான்கு பேர் மட்டும் இருந்த காலத்தில் அந்த வீட்டைப் பார்க்கவே நன்றாக இருக்கும். ரவைக் கஞ்சி காய்ச்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊதி ஊதிக் கொடுப்பாள். வெயில் நாளில் வாய்க்கால் ஓரம் கூட்டிப்போய் உட்கார வைத்துத் தலை சீவி விடுவாள்.

அரசுக் காப்பகத்தில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தால், முறை வருவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே போய்விடும். சந்தையோ விடிவதற்கு முன்னால் திறந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

"ஒரு ஓரமா கெடந்துட்டுப் போவான் அக்கா. சத்தமே போட மாட்டான்."

"எங்கடி எடம் இருக்கு? நீயே உள்ள வந்து பாரு."

"உங்களுக்கு இல்லேன்னு சொல்ல வராதுன்னுதான் எல்லாரும் இங்க வர்றாங்க."

இப்படிச் சொன்னால் அவள் சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டால் பிள்ளையை வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம். அந்தக் குளிர்காலம் வந்தபோது அந்த இரண்டு அறைகளில் இருபத்து மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், "எல்லாம் நம்ம பிள்ளைங்கதான்" என்பாள்.

காலையில் போட்ட டிவி சாயங்காலம்தான் நிற்கும். ஒரே கரண்டி எல்லா வாய்க்கும் போய்வரும். குளிருக்காக ஜன்னல் இடுக்கையெல்லாம் துணி வைத்து அடைத்திருந்ததால், ஒரு பிள்ளைக்கு இருமல் வந்தால் வாரம் முடிவதற்குள் எல்லாம் இருமும். எது பெரிதாக அழுகிறதோ அதை முதலில் தூக்குவாள். அழாத பிள்ளையிடம் போய்ச்சேர அவளுக்கு நேரமே கிடைக்காது.

தெமிர் அழாத பிள்ளை. அவன் தாய் மைராம் சந்தையில் கோட்டு விற்பவள், இருபத்திரண்டு வயது. புருஷனைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். மூன்று மாதப் பிள்ளையாக அவனைப் பெஷிக் தொட்டிலோடு கொண்டுவந்து விட்டாள். எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் பெஷிக்கில் வளர்ந்தவைதான். கை காலைச் சுற்றி, மேலே பட்டையால் கட்டிவிட்டால் பிள்ளை அசையாமல் தூங்கும். மூத்திரம் அடியில் உள்ள குழாய் வழியாகச் சட்டிக்குள் போய்விடும். ஆனால் அது தூங்குவதற்கு. விழித்தால் அவிழ்த்துத் தரையில் விடவேண்டும். புருலின் வீட்டில் தரையில் விட்டால் ஒரு பக்கம் ஓடுகிற கால்கள், இன்னொரு பக்கம் நிலக்கரி அடுப்பு. அதனால் சுவரோரம் வரிசையாக நின்ற தொட்டில்களில் விழித்திருந்த பிள்ளைகளும் கட்டியபடியே கிடந்தன. தெமிர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். விடியும் முன் தூக்கத்தில் வருவான், இருட்டியபின் தூக்கத்தில் போவான்.

"என் தெமிர் தங்கம்க்கா. ஒரு தொந்தரவு உண்டா?" என்பாள் மைராம்.

முதலில் கண்டுகொண்டது புருல்தான். ஒரு மத்தியானம் துணி மாற்றும்போது அவனை அக்குளில் பிடித்துத் தரையில் நிறுத்திப் பார்த்தாள். ஒரு வயது தாண்டிய பிள்ளையின் கால்கள் துவண்டு மடங்கின. தலையின் பின்பக்கம் பலகைபோல் தட்டையாக இருந்தது. அதற்குள் உள்ளறையில் ஏதோ கொட்டிக் கவிழும் சத்தம் கேட்டது. அவனைத் திரும்பக் கட்டிவிட்டு ஓடினாள். சாயங்காலம் மைராமிடம் சொல்ல வாயெடுத்தாள். மைராமின் உதடு குளிரில் வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். அந்த நாளை வரவேயில்லை.

டாக்சி ஓட்டும் குபாத்தின் மூன்று வயது மகள் பெகிமாயும் அங்கேதான் இருந்தாள். ஒரு சாயங்காலம் அவள் கன்னத்தில் பல் தடம் பதிந்து நீலமாகியிருந்தது.

"யாரு கடிச்சாங்க?" என்றான் குபாத்.

"தெரியல தம்பி. நான் அடுப்படியில இருந்தேன்."

"தெரியலயா? அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?"

"எனக்கு ரெண்டு கண்ணுதானே இருக்கு."

"ரெண்டு கண்ணுக்குத் தக்கன பிள்ளைங்கள எடுக்கணும். இது வீடா, ஆட்டுப்பட்டியா?"

அவன் புகார் கொடுத்தான். அடுத்த வாரமே மாவட்ட அலுவலகத்திலிருந்து கிளாரா என்ற அதிகாரி வந்தாள். முன்பு ஆசிரியையாக இருந்தவள். உள்ளே அடித்த நெடியில் கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு பிள்ளைகளை எண்ணினாள். ஓடிக்கொண்டே இருந்ததால் மறுபடி எண்ணினாள். கடைசியில் தொட்டில் பக்கம் வந்தாள்.

"இவனுக்கு எத்தனை மாசம்?"

"ஒம்பது" என்றாள் புருல்.

கிளாரா கட்டை அவிழ்த்துத் தூக்கினாள். தெமிர் புது முகத்தைப் பார்த்துச் சிரித்தான். வாய் நிறையப் பல்.

"ஒம்பது மாசத்துல இத்தனை பல்லாம்மா?"

புருல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணே கால் வயசு. காலு நிக்கல. எனக்கு எப்பவோ தெரியும்."

கிளாராவால் திட்ட முடியவில்லை. "மூடிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பினாங்க. மூடினா இதுங்க எங்க போகும்? எங்க கையில ஒரு எடம்கூட இல்ல" என்று தனக்குள் பேசுவதுபோல் சொன்னாள். பிறகு முடிவு சொன்னாள். எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. விழித்திருக்கும் பிள்ளையைக் கட்டக் கூடாது.

"எந்த எட்டு?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

புருல் சின்னஞ்சிறுசுகளை வைத்துக்கொண்டாள். பேசத் தெரிந்தவர்களை அனுப்பினாள். பெகிமாயும் போகவேண்டியிருந்தது.

"நான் புகார் கொடுத்ததுக்குப் பழி வாங்குறீங்க" என்றான் குபாத்.

"இல்ல தம்பி. உன் பொண்ணு பசிச்சா பசிக்குதுன்னு சொல்லுவா. இதுங்களுக்குச் சொல்லத் தெரியாது."

"அப்ப இவள வண்டியிலயே வெச்சுக்கிட்டு ஓட்டட்டுமா?"

அப்படித்தான் ஓட்டினான். பின் இருக்கையில் அவள் சுருண்டு படுத்திருப்பதைத் தெருவில் எல்லோரும் பார்த்தோம். வேறு சில தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் வாய்க்காலுக்கு அப்பால் ஒரு வீட்டில் விட்டார்கள். அங்கே எத்தனை பேர் என்று இன்றுவரை யாரும் எண்ணவில்லை.

மைராம் தெமிரை டாக்டரிடம் காட்டினாள். தினமும் கால்களை நீவி, நிற்கப் பழக்க வேண்டும், எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியாது என்றார் அவர். நேராகப் புருல் வீட்டுக்கு வந்தாள்.

"கட்டியேதான் போட்டு வெச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"ஒரு நாளாவது எறக்கி விடலயா?"

"முதல்ல விட்டேன். கூட்டம் சேர்ந்தப்புறம் விடல."

பெற்றவளுக்குத் தெரியவில்லையா என்று கேட்கப் புருலின் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மைராமே சொன்னாள்: "தூங்குற பிள்ளையக் கொண்டுவந்தேன், தூங்குற பிள்ளையத் தூக்கிட்டுப் போனேன். நானும் ஒரு தாயா."

"எங்கிட்டயே விடும்மா. இப்ப எட்டுப் பேருதான். தெனமும் கால் பிடிச்சு விடறேன்."

"உங்க கை இனிமே அவன் மேல பட வேணாம்."

சில வாரம் கழித்துப் புருல் சந்தைக்குப் போனாள். கப்பல் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளையே கடைகளாக்கிய வரிசைகளுக்கு நடுவே காற்று கத்திபோல் வந்தது. மைராமின் கடையில், தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால், தெமிர் தொட்டிலில் கட்டுண்டு கிடந்தான். கன்னம் வெடித்திருந்தது.

"கீழ விட எங்க எடம்? தரையெல்லாம் பனிக்கட்டி" என்றாள் மைராம். குரலில் கோபம்கூட இல்லை. அந்த நேரம் ஒரு வாடிக்கையாளர் வர, அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். புருல் குந்தி உட்கார்ந்து போர்வைக்குள் கைவிட்டுப் பிள்ளையின் பாதத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். வாடிக்கையாளர் போனதும் மைராம் பார்த்தாள்.

"போதும். போங்க."

அந்த மாதமே மற்ற பிள்ளைகளையும் புருல் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தத் தாய்மார்கள் எல்லோரும் அவளைத் திட்டினார்கள். இப்போது ஒரு நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். மறுபடி ஆரம்பிக்கச் சொல்லிக் கிளாரா ஒரு முறை வந்து கேட்டாள். புருல் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

இரண்டு வயதிலும் தெமிர் நடக்கவில்லை. இலையுதிர் காலத்தில் மைராம் அவனைத் தலாஸ் ஊரில் ஒரு தூரத்துச் சொந்தத்திடம் விட்டுவிட்டு ரஷ்யாவுக்குப் போனாள். அந்த வீட்டில் ஏற்கெனவே நிறையப் பிள்ளைகள் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.