என் நடுக்கத்துக்குக் குளிசை இல்லை

போன ஞாயிறு காலை கொழும்பு வெள்ளவத்தையில் தமிழ் வீடுகள் நிறைந்த எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து ஆமி செக்கிங். ஐடென்டிட்டி கார்ட், பொலிஸ் பதிவு... எல்லாம் கையில் தயார். சாப்பாட்டு மேசையை மட்டும் மறந்துபோனேன்.

மேசையில் என்ன? ஏழு மணிக்கூடுகள் — அக்கக்காக. வயர், பற்றரி, சுருள் கம்பி. நடுவில் ஸ்க்ரூட்ரைவரோடு என் கணவர்.

அவருக்குப் பார்க்கின்சன் வருத்தம். டாக்டர் கொடுத்த குளிசையால் கைநடுக்கம் அடங்கியது. ஆனால் அந்தக் குளிசை சிலரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்குமாம். இவர் மணிக்கூடு கழற்றுகிறார். பூட்டுவதில்லை — கழற்றுவது மட்டும். எங்கள் வீட்டில் மூன்றும் முடிந்து, அயலாரிடம் நான்கு இரவல் வாங்கியாயிற்று. மருந்து உச்சத்தில் நிற்கும்போது தோளும் கையும் வேறு தாமாகவே நெளியும். டோஸைக் குறைக்கலாமே என்கிறீர்களா? குறைத்தால் கதிரையை விட்டு எழும்ப மாட்டார். மணிக்கூடுகள் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே வந்த சார்ஜன்ட் வயரைப் பார்த்தார். நெளிகிற மனிதரைப் பார்த்தார்.

"மே மொனவாத?" — இதெல்லாம் என்ன?

"ஒரலோசு, மாத்தயா," என்று டாக்டரின் கடிதத்தை நீட்டினேன். வாசித்தார். நம்பவில்லை. மணிக்கூடுதான், குண்டு இல்லை என்றால் ஒன்றைப் பூட்டிக் காட்டட்டும், இல்லாவிட்டால் ஆள் ஜீப்பில் ஏற வேண்டும் என்றார் சிங்களத்தில்.

கொண்டு போனால் எப்போது விடுவார்கள்? அங்கே நேரத்துக்குக் குளிசை கொடுப்பது யார்?

இவருக்கோ கொள்ளை சந்தோஷம். "நீர் பூட்டும், நான் சொல்லுறன். அந்தச் சின்னப் பல்லுச் சில்லை எடும்."

எடுத்தேன். விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடியும் விழுந்து மேசைக்கடியில் உருண்டது. என் இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கின. பக்கத்தில் இவர் கை எவ்வளவோ பரவாயில்லை.

"என்னப்பா இப்பிடி நடுங்குறீர்? என்ர குளிசையில ஒண்டு போடுமன்," என்றார் அக்கறையாக.

சார்ஜன்ட் இவர் கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். சிரித்துவிட்டார். நோனாவுக்கும், அதாவது எனக்கும், இதே வருத்தமா என்று கேட்டார்.

ஓம் என்று தலையாட்டினேன். கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஒழுங்கையில் என் வருத்தம் எல்லா வீட்டிலும் இருக்கிறது — குளிசைதான் இன்னும் வரவில்லை.