யோகத்தின் ஆங்கிலம் கேட்கப் பதுளைக்குப் போனேன்

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். முசிறியிலிருந்து பேருந்து பிடித்துத் திருச்சி விமான நிலையம் வந்து சேர எனக்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆனது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. முசிறிக் கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டு எடுத்ததும் விமானம் ஏறியதும் இதுதான் முதல் தடவை. பார்க்கப் போன யோகேஸ்வரியையும் அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

எங்களைச் சேர்த்து வைத்தது ஓர் ஆங்கில வாசிப்புக் குழு. குழுவை நடத்தும் ஆசிரியை தினமும் காலையில் எல்லாருடைய போனுக்கும் ஒரு சின்னப் பாடம் அனுப்புவார். பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். ரொட்டிக் கடையில் நிற்கிற ஒருவர், பல் வைத்தியரிடம் போகிற ஒருவர், பேருந்தைத் தவறவிட்ட ஒருவர் என்று அன்றாடம் நடக்கிற சங்கதிகள்தாம். கீழே, அன்றைக்குப் பழக வேண்டிய ஒரு பேச்சு வழக்கு. இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவார்; மாலையில் ஒருவருக்கொருவர் போனில் வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கு வாய்த்த ஜோடி, பதுளைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் யோகேஸ்வரி. எல்லாருக்கும் யோகம்.

நான் சேர்ந்த காரணம் எளியது. கடைக்கு வரும் பெண்கள் போனில் ரவிக்கைப் படத்தைக் காட்டி, அந்தக் கழுத்துக்கும் இந்தக் கைக்கும் ஆங்கிலப் பெயர் சொல்வார்கள். தலையாட்டித் தலையாட்டியே அலுத்துவிட்டது. யோகம் சேர்ந்த காரணத்தைப் பல மாதம் வாசித்த பிறகுதான் சொன்னாள்.

அவளுக்கு ஒரே மகன், ரவி. துபாயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. அங்கே மருத்துவமனையில் தாதியாக இருக்கும் மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவர்கள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். மரிசெல் உண்டானாள், ஆறாம் மாதம் குழந்தை தங்காமல் போய்விட்டது. மறுநாள் ரவி அம்மாவைக் கூப்பிட்டு, போனை மனைவி கையில் கொடுத்தான். யோகத்துக்கு அப்போது தெரிந்த ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான்.

"ஹவ் ஆர் யூ?"

"ஐ ஆம் ஃபைன், அம்மா. ஹவ் ஆர் யூ?"

"ஐ ஆம் ஃபைன்."

அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. "புள்ளயப் பறிகுடுத்தவகிட்ட, நான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு போனை வச்சேன் அக்கா," என்றாள் யோகம். "அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. அந்த வாரமே இந்தக் குழுவுல சேந்துட்டேன்."

இப்போது மகனும் மருமகளும் முதல் தடவையாக ஊருக்கு வருகிறார்கள். "நீங்க பக்கத்துல வந்து குந்தியிருந்தா போதும் அக்கா, எனக்கு வாய் வரும்," என்று கூப்பிட்டாள். கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் பதுளை ரயிலைப் பிடித்தேன். கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். பகல் முழுக்க ஓடுகிறது. கம்பளை தாண்டியதும் மலை ஏறத் தொடங்கி, வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிடுகிறது. நானுஓயாவில் போர்வை தேடினேன். ஓர் ஆள் கூடையோடு வந்து இறால் வடை விற்றார். ஒன்று நூறு ரூபாய். உறைப்பில் குளிர் விட்டுப்போனது.

எதிரில் ஒரு சிங்களப் பெண். சிங்களத்தில் என்னவோ கேட்டார். நான் விழித்ததைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறி, எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். போனில் யோகத்திடம் தடையில்லாமல் வாசிக்கிற எனக்கு, ஒரு மனிதமுகம் எதிரில் வந்ததும் ஊர்ப் பெயர்கூட வாயில் நிற்கவில்லை. திணறினேன். அவர் சிரிக்கவில்லை. "டேக் யுவர் டைம்," என்றார். அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று அர்த்தம். ரொட்டிக் கடைப் பாடத்தில் வந்த வழக்கு அது. அதை நான் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். என்னைப் பார்த்து ஒருவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை. மெதுவாகச் சொன்னேன். ஹப்புத்தளையில் ரயிலின் இரு பக்கமும் மலை சரிந்து கீழே போக, காற்று பெட்டிக்குள் புகுந்து எங்கள் பேச்சைக் கலைத்தது. பண்டாரவளையில் இறங்கும்போது கையிலிருந்த இரண்டு கொய்யாப் பழங்களை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பதுளை வந்தது. அங்கிருந்து தோட்டம் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் மலைப்பாதை. ஆட்டோவுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் கேட்டார்கள். ஓட்டுநர் யோகத்தை அறிந்தவர்.

"யோகம் அக்காவுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கிற டீச்சர் நீங்கதானுங்களா?"

"இல்லப்பா. நானும் அவகூடப் படிக்கிறவதான்."

"அப்படியா! அது மலையில கொழுந்து எடுக்கிறப்பவே தனியா பேசிக்கிட்டு நிக்குது. மொதல்ல பயந்துட்டாங்க எல்லாரும்."

லயத்து வாசலில் யோகம் நின்றிருந்தாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் நான்காவது அவளுடையது. குரலை வைத்து நான் நினைத்திருந்த ஆள் வேறு. இவள் என்னைவிட உயரம், பெரிய கைகள். "வெல்கம் அக்கா," என்றாள். உடனே வெட்கப்பட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

வரப்போகிறவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அன்று மாலை எனக்குச் சொல்லிக் காட்டினாள். ஒன்றை மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கினாள். "மேக் யுவர்செல்ஃப் அட் ஹோம். இத நான் சொல்ல மாட்டேன் அக்கா. உன் வீடு மாதிரி நெனச்சுக்கன்னு மருமககிட்டப் போய்ச் சொல்வாங்களா? அவ வீடுதானே இது?" குழந்தை விஷயத்துக்கு மட்டும் ஆசிரியையிடம் கேட்டு ஒரு முழு வாக்கியம் வாங்கி வைத்திருந்தாள். உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன் என்று பொருள்படும் வாக்கியம். பிழையில்லாமல் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் அவளுடையதாக இல்லை.

சனிக்கிழமை மதியம் வேன் வந்து நின்றது. வாசல் நிலை தாழ்வானது. யோகம் ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்த "மைண்ட் யுவர் ஹெட்", அதாவது தலை இடிக்காமல் பார்த்து வா என்பதை உரக்கச் சொன்னாள். மரிசெல் குள்ளமான பெண்; நிலைக்குக் கீழே சிரித்துக்கொண்டே நிமிர்ந்து நடந்து வந்தாள். அம்மா ஆங்கிலம் பேசுகிறாளே என்று திரும்பிப் பார்த்த ரவியின் நெற்றிதான் நிலையில் இடித்தது. லயமே சிரித்தது.

ஆனால் அதற்குப் பிறகு அன்று முழுவதும் யோகத்தின் ஆங்கிலத்துக்கு இடமே கிடைக்கவில்லை. ரவி நல்ல பிள்ளை. அம்மா கஷ்டப்படக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தான். யோகம் பயணம் எப்படி இருந்தது, பசிக்கிறதா, குளிர் தாங்குமா என்று நீளமாகக் கேட்பாள். அவன் மூன்று வார்த்தையில் முடிப்பான். மரிசெல் கண்ணெல்லாம் பேச நிறையச் சொல்வாள். அவன் அம்மா பக்கம் திரும்பி, "நல்லா இருக்காம்மா," என்பான். யோகம் என்னைப் பார்ப்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொன்னாள்: "படிச்சதெல்லாம் தொண்டையோட நின்னுபோச்சு அக்கா."

ஞாயிறு காலை ரவி மீன் வாங்கப் பதுளைக்குப் போனான். நாங்கள் மூவரும் குசினியில் இருந்தோம். அடுப்பில் விறகு பிடித்து எரிந்தது. யோகம் ரொட்டிக்கு மாவு எடுத்துவிட்டு, சம்பலுக்குத் தேங்காயை உடைத்தாள். மூலையில் கிடந்த துருவுபலகையைப் பார்த்த மரிசெல், ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்தாள். தேங்காய் மூடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றிச் சுழற்றித் துருவினாள். ஓட்டின் கறுப்பு ஒரு பொட்டுக்கூட விழவில்லை.

"மை மதர், சேம், சேம்," என்றாள்.

யோகத்துக்கு வாயெல்லாம் சிரிப்பு. "யுவர் மதர், தேங்காய்?"

"எவ்ரி டே!"

இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். துருவும் சத்தம் மட்டும் கேட்டது. யோகம் மாவுக் கையோடு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இப்போது அந்த வாக்கியம் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. என் உதடு அதைத் தானாக முணுமுணுத்தது. யோகம் அதைச் சொல்லவில்லை.

"மரிசெல். தட் டே… போன். யூ ஸே ஃபைன். ஐ ஸே ஃபைன்." நிறுத்தினாள். "நாட் ஃபைன். ஐ நாட் ஃபைன். ஐ ஹேவ் நோ இங்கிலீஷ். ஐ க்ரை."

துருவுபலகைச் சத்தம் நின்றது. மரிசெல் தேங்காய் மூடியை மடியில் வைத்தாள்.

"மீ டூ, அம்மா," என்றாள். "ஐ வாஸ் நாட் ஃபைன்."

பிறகு மரிசெல் சொன்னாள்: "இட் வாஸ் எ கேர்ள்."

பெண் குழந்தை. ரவி அதை வீட்டில் சொல்லவே இல்லை. யோகத்தின் முகம் மாறியது. அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை.

"நேம்?"

மரிசெல் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "லீனா," என்றாள். துபாயிலும் பதுளையிலும் தன் ஊரிலும் எல்லாரும் சுலபமாகக் கூப்பிட வேண்டும் என்று தேடி வைத்த பெயராம்.

"லீனா," என்றாள் யோகம். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு ஆங்கிலமெல்லாம் போய்விட்டது. "எம் பேத்தி. எம் பேத்தி லீனா."

"பேத்தி?" என்று மரிசெல் கேட்டாள். யோகத்துக்கு வார்த்தை கிடைக்கவில்லை. எங்கள் பாடங்களில் அப்படி ஒரு சொல் வரவே இல்லை. என் கடைக்கு வரும் ஒரு பாட்டி, பாவாடை தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லைப் பெருமையாகச் சொல்வார். அதனால் எனக்குத் தெரியும்.

"கிராண்ட் டாட்டர்," என்றேன். கடல் தாண்டிப் போய் நான் செய்த உதவி அந்த ஒரு சொல்தான்.

மரிசெல் எழுந்து வந்து யோகத்தின் தோளில் முகம் வைத்துக்கொண்டாள். மாவுக் கை அவள் முதுகில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. நான் அடுப்பிலிருந்த விறகைத் தள்ளிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

மீனோடு வந்த ரவி இருவர் கண்ணையும் பார்த்துப் பதறினான். "என்னம்மா ஆச்சு? அவகிட்ட என்ன சொன்ன?"

"ஒன்னுமில்லடா," என்றாள் யோகம். "நாங்க பேசிக்கிட்டு இருந்தோம்."

மதியச் சாப்பாட்டின்போது அவன் இரண்டு தடவை மொழிபெயர்க்க வாயெடுத்தான். இரண்டு தடவையும் மரிசெல் அவன் கையைத் தட்டினாள். பிறகு அவன் மீனைச் சாப்பிட்டான். மாலையில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நான் சொல்லியிருக்கணும்மா, எனக்குச் சொல்லத் தெரியல," என்றான். யோகம் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை யோகம் வேலைக்குப் போகவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் நேரத்தில் நாங்கள் நால்வரும் ஆட்டோவில் பதுளை நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வழியெல்லாம் நான் என் ஊரை நினைத்தேன். முசிறியில் காவிரிக் கரையைத் தவிர மற்றெல்லாம் தட்டை. ஒரு வீட்டிலிருந்து பார்த்தால் நாலு வீடு தெரியும், எல்லாருக்கும் ஒரே மொழி. ஆனாலும் அந்த நாலு வீட்டில் யார் பிள்ளையை இழந்தாலும், போய் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருவோமே தவிர, அந்தப் பிள்ளையின் பெயரை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தாய்மொழியில் எங்களுக்கு வராத கேள்வி, மலையில் ஒரு பெண்ணுக்கு அரைகுறை ஆங்கிலத்தில் வந்தது. அதைக் கேட்கும் இடத்தில் என்னை உட்கார வைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. யோகத்துக்குச் சொன்னேன். "போங்கக்கா," என்றாள்.

ரயில் வந்தது. ரவி பையை மேலே ஏற்றி வைத்தான். சன்னலோரம் உட்கார்ந்து கையசைக்கத் தயாராக எட்டிப் பார்த்தேன். மேடையில் மாமியாரும் மருமகளும் எதையோ பற்றித் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கருவாடு என்ற சொல் தமிழில் காதில் விழுந்தது, ஸ்மெல் என்ற சொல் ஆங்கிலத்தில் விழுந்தது. மரிசெல் மூக்கைப் பிடித்துக் காட்ட, யோகம் விழுந்து விழுந்து சிரித்தாள். வண்டி நகர்ந்தது. வழியனுப்ப வந்தவர்களில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.